335 வாட் பேனலும் அம்மாவின் புகாரும்

"ஏங்கண்ணு, இந்தச் சோலாரு வெச்சதுலருந்துதான் கரண்டு சீக்கிரமே நின்னு போகுது. பழசே நல்லாத்தானே இருந்துச்சு?"

மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம் அம்மா இப்படிக் கேட்டார். ஐந்து மணிக்கு ஈபி கரண்ட் போனது. ஆறே முக்காலுக்கெல்லாம் இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்திவிட்டு நின்றுவிட்டது. அதே பேட்டரி, அதே இரண்டு ஃபேன். பேனல் போடுவதற்கு முன்னால் நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடியது. இப்போது மாடியில் கட்டில் அகலத்துக்குப் பேனல் ஒன்று நாள் முழுக்க வெயில் காய்கிறது, கீழே ஒன்றே முக்கால் மணி நேரத்தில் இருட்டு. அம்மா சொன்னதில் பொய்யே இல்லை. ஏன் அப்படி என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீடு உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, திருமூர்த்தி மலைக்குப் போகிற வழியில். சுற்றிலும் தென்னந்தோப்பு. மாதம் ஒருநாள் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்டை எடுத்தால் சாயங்காலம்தான் வரும். அது போக, காற்றுக் காலத்தில் மட்டை கம்பியில் விழுந்தாலும் போச்சு. வீட்டில் 900 விஏ சைன் வேவ் இன்வெர்ட்டரும் 12 வோல்ட் 150 ஆம்ப் ஹவர் ட்யூபுலர் பேட்டரியும் ஏற்கெனவே இருந்தன. அதோடு ஒரு பேனலைச் சேர்த்துவிட்டால் பகல் ஃபேன் வெயிலில் ஓடும், ஈபி பில்லும் கொஞ்சம் இறங்கும் என்பது என் கணக்கு. எங்களுடைய இரண்டு மாதப் பில் எப்போதும் 500 யூனிட் கோட்டை ஒட்டியே ஓடும். 500ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழே இருக்கிற படிகளின் விலையும் சேர்ந்து ஏறிவிடும். அதனால் 30, 40 யூனிட் மிச்சம் பிடித்தாலும் எங்களுக்கு அது பெரிய விஷயம்.

மூன்று கிலோவாட் ஆன்கிரிட், அதாவது பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடேயே இணைகிற சோலார் போடலாமே, 2024இல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் கிடைக்குமே என்று நிறையப் பேர் சொன்னார்கள். பில்லைக் குறைக்க அதுதான் சரியான வழி, மறுக்கவில்லை. ஆனால் ஆன்கிரிட் இன்வெர்ட்டர் ஈபி கரண்ட் போன நொடியே தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் மேல் நம் வீட்டுக் கரண்ட் பாயக் கூடாது என்பதற்காக அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும், மாடியில் மூன்று கிலோவாட் இருக்கும், ஃபேன் சுற்றாது. கரண்ட் போகிற நேரத்துக்குத்தான் எனக்குச் சோலார் வேண்டியிருந்தது.

பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிறு வேலையை ஆரம்பித்தேன். 335 வாட் பாலி பேனல் ஒன்று, 72 செல் உள்ளது, கிட்டத்தட்ட ஆறரை அடிக்கு மூன்றேகால் அடி, 22 கிலோ. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜைக் கட்டுப்படுத்துகிற 20 ஆம்ப் சார்ஜ் கன்ட்ரோலர் ஒன்று, 900 ரூபாய். 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) தடிமனில் சோலார் வயர் சிவப்பும் கறுப்பும் 15 மீட்டர் வீதம். ஜிஐ ஆங்கிளில் ஸ்டாண்டு பட்டறையில் அடித்துக் கொடுத்தார்கள். மொட்டை மாடியில் துளை போட்டு ஆங்கர் போல்ட் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஐப்பசி மழையில் ஒழுகினால் சோலார் லாபம் தளத்துக்கே போய்விடும். அதனால் வீட்டில் கிடந்த 20 லிட்டர் பெயின்ட் வாளிகள் நாலில் ஸ்டாண்டின் கால்களை நிறுத்தி கான்கிரீட் ஊற்றினோம். காய்ந்த பிறகு ஒவ்வொன்றும் 45 கிலோவுக்கு மேல். பட்டறைக்காரர் பார்த்துச் சிரித்தார். இந்த வாளி வைத்தியம் பின்னால் எனக்கு எப்படிக் கைகொடுத்தது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

சாய்வு பத்து டிகிரி, தெற்கு முகம். நம் ஊர் அட்சரேகையும் பத்தரை டிகிரிதான் என்பதால் அது போதும். வடநாட்டு வீடியோக்களைப் பார்த்து 25, 30 டிகிரிக்குத் தூக்கி நிறுத்தினால் காற்றுதான் அதிகம் பிடிக்கும். ஒரேயடியாகத் தட்டையாகவும் போடக் கூடாது. சாய்வு இருந்தால்தான் மழைத் தண்ணீர் தூசியை இழுத்துக்கொண்டு வழியும்.

வயர் இழுத்து, பேட்டரியைக் கன்ட்ரோலரில் கொடுத்து, அப்புறம் பேனலைக் கொடுத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. வீடே வந்து பார்த்தது. இனிமேல் எல்லாம் இலவசம் என்ற நினைப்பில் இரண்டு வாரம் போனது.

முதல் ஏமாற்றம் அந்த இரண்டு வாரத்தில்தான். கன்ட்ரோலர் திரையில் சார்ஜ் கரண்ட் எப்போது பார்த்தாலும் அரை ஆம்ப், முக்கால் ஆம்ப். நடுப்பகலில் கூட அவ்வளவுதான். பேனல் மோசமோ என்று சந்தேகப்பட்டேன். பேனல் பாவம், அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. வீட்டு இன்வெர்ட்டரின் வேலையே பேட்டரியை எப்போதும் ஈபியில் நிரப்பி வைப்பதுதான். ராத்திரி முழுக்க நிரம்பிய பேட்டரியில் காலையில் வெயில் போய் எதை ஊற்றும்? நிறைகுடத்துக்குக் குழாயைத் திறந்துவிட்ட கதை. வீட்டு ஃபேன்களும் ஈபியில்தான் சுற்றின, ஏனென்றால் ஈபி இருக்கும்வரை இன்வெர்ட்டர் அதை அப்படியே கடத்திவிடும். ஆக, பேனல் மாடியில் சும்மா அழகுக்கு இருந்தது.

இதற்கென்றே விற்கிற பெட்டிகள் உண்டு. பகலில் ஈபியைத் தானே துண்டித்துவிட்டு வீட்டைப் பேட்டரிக்கு மாற்றும். நான் அதை வாங்காமல், இன்வெர்ட்டருக்குப் போகிற ஈபி லைனில் ஒரு டைமர் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். காலை 9 மணிக்கு ஈபியை எடுக்கும், மாலை 4 மணிக்குத் திருப்பிக் கொடுக்கும். இன்வெர்ட்டர் அதைக் கரண்ட் கட் என்று நினைத்துக்கொண்டு பேட்டரியில் ஓடும். 230 வோல்ட் வேலை என்பதால் எலக்ட்ரீஷியன் தம்பியை வரவழைத்துத்தான் செய்தேன். "ஏனுங்கண்ணா, எல்லாரும் கரண்டு போகாம இருக்க வழி கேப்பாங்க, நீங்க தினமும் போறதுக்கு டைமர் வெக்கிறீங்களே" என்றான்.

டைமர் போட்டதும் கன்ட்ரோலரில் 8, 9 ஆம்ப் என்று காட்ட ஆரம்பித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்கு அடுத்த வாரம்தான் அம்மாவின் புகார்.

மறுநாள் சனிக்கிழமை. நாலு மணிக்கு டைமர் ஈபியைத் திருப்புவதற்குக் கொஞ்சம் முன்னால் பேட்டரி மூடிகளைத் திறந்து, ஆசிட்டின் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்த்தேன். ட்யூபுலர் பேட்டரி முழுசாக நிரம்பியிருந்தால் 1.240 காட்ட வேண்டும். ஆறு செல்லிலும் 1.180, 1.190. பாதி காலி. அதாவது தினமும் நாலு மணிக்குள் பாதிப் பேட்டரியைப் பகல் ஃபேன் குடித்துவிடுகிறது. அதற்கப்புறம் ஈபி உட்கார்ந்து ராத்திரியில் நிரப்புகிறது. ஐந்து மணிக்குக் கரண்ட் போன அன்று பாதிப் பேட்டரிதான் கையில் இருந்திருக்கிறது. அம்மா கண்டுபிடித்தது நூற்றுக்கு நூறு சரி.

சரி, பகலில் எவ்வளவு செலவு? இரண்டு பழைய ஃபேன், ஒவ்வொன்றும் 75 வாட். வைஃபை ரூட்டர், இரண்டு எல்இடி. எல்லாம் சேர்த்து 170 வாட். இன்வெர்ட்டர் தனக்கென்று எடுத்துக்கொள்வதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 200 வாட்டைத் தொடும், அதாவது 16, 17 ஆம்ப். வரவு உச்சியில் 9 ஆம்ப், காலை மாலையில் நாலைந்து. மீதி எல்லாம் பேட்டரியின் கைக்காசு. ஆனால் 335 வாட் பேனல் இருக்கும்போது 200 வாட் செலவு ஏன் சுமையாக வேண்டும்? இந்த இடத்தில்தான் நான் மீட்டரை எடுத்தேன். முதல் நாளே எடுத்திருக்க வேண்டும்.

வயரைக் கழற்றாமல் மேலே கவ்வி கரண்டை அளக்கிற கிளாம்ப் மீட்டர், டிசியும் அளப்பது, ஒன்று கடன் வாங்கி வந்தேன். கடைகளில் விலை மலிவாகக் கிடைக்கிற கிளாம்ப் மீட்டர்களில் பல ஏசி மட்டும்தான் அளக்கும், டிசி வயரில் மாட்டினால் பூஜ்யம் காட்டி நம்மைப் பைத்தியம் ஆக்கும். வாங்குகிறவர்கள் பார்த்து வாங்குங்கள். மறுநாள் பன்னிரண்டரை மணி, மேகம் இல்லை. முதலில் பேனலைக் கழற்றிவிட்டு வெறும் முனைகளில் வோல்ட் பார்த்தேன்: 41.8. பேனலின் பின்பக்க ஸ்டிக்கரில் 46 என்று போட்டிருக்கும், அது 25 டிகிரி சூட்டில் அளந்தது. நம் ஊர் மாடியில் செல் சூடு 60, 65க்குப் போகும், வோல்ட் இறங்கத்தான் செய்யும். அது இயல்பு. அடுத்து எல்லாவற்றையும் மாட்டி, ஓடும்போது பேனல் வயரில் அளந்தேன். கரண்ட் 8.9 ஆம்ப். ஸ்டிக்கரில் உள்ளதும் கிட்டத்தட்ட அதேதான். பேனல் தன்னால் முடிந்த கரண்டை முழுசாகத் தருகிறது. அப்புறம் அதே வயரில் வோல்ட்.

13.9.

இரண்டு தடவை அளந்தேன். ஸ்டிக்கரில் இயங்கு வோல்ட் 38 என்று இருக்கிறது. என் பேனல் 13.9 வோல்ட்டில் நின்றுகொண்டிருந்தது. 13.9ஐ 8.9ஆல் பெருக்கிப் பாருங்கள், 124 வாட். 335க்குக் காசு கொடுத்து 124 வாங்கியிருக்கிறேன்.

குற்றவாளி அந்த 900 ரூபாய்ப் பெட்டி. பிடபிள்யூஎம் வகைக் கன்ட்ரோலர் செய்வது பேனலை நேரே பேட்டரியோடு ஒட்டவைக்கிற வேலைதான், நிரம்பினதும் விட்டுவிட்டுத் தட்டும். ஒட்டவைத்ததும் பேனலின் வோல்ட் பேட்டரியின் வோல்ட்டுக்கே இறங்கிவிடும். 38 ரூபாயை நீட்டினால் 14 ரூபாய்க்கு மட்டும் சரக்கைக் கொடுத்துவிட்டு மீதிச் சில்லறை தராத கடைக்காரர் மாதிரி. 12 வோல்ட் பேட்டரிக்கென்றே வருகிற 36 செல் பேனல்களில் இயங்கு வோல்ட் 18 பக்கம்தான் இருக்கும், அவற்றோடு பிடபிள்யூஎம் போட்டால் இழப்பு கொஞ்சம்தான். நான் வாங்கியது 24 வோல்ட் வகையில் சேர்ந்த 72 செல் பேனல். வாட்டுக்கு விலை மலிவு என்று ஆசைப்பட்டு அதை எடுத்தேன், அதற்கேற்ற பெட்டியை எடுக்கவில்லை. பேனல் விற்ற கடையிலேயேதான் பெட்டியையும் வாங்கினேன். பேட்டரி 12 வோல்ட் என்றும் சொன்னேன். யாரும் எதுவும் சொல்லவில்லை.

எம்பிபிடி கன்ட்ரோலர் மீதிச் சில்லறையைத் தருகிற ஆள். பேனலை அதன் 34, 35 வோல்ட்டிலேயே நிறுத்திவைத்துக்கொண்டு, உள்ளே வோல்ட்டைக் குறைத்து ஆம்பைக் கூட்டிப் பேட்டரிக்கு அனுப்பும். ஆனால் இந்தப் பெயரில் ஒரு பெரிய ஏமாற்று நடக்கிறது. ஆன்லைனில் 800, 1,000 ரூபாய்க்கு எம்பிபிடி என்று எழுதி விற்கிற சின்னப் பிளாஸ்டிக் பெட்டிகளில் பெரும்பாலானவை உள்ளே பிடபிள்யூஎம்தான். நிஜமான எம்பிபிடிக்குள் கனமான தாமிரச் சுருள் இருக்கும், முதுகில் அலுமினிய வரிகள் இருக்கும், கையில் எடுத்தால் கனக்கும். அதை விட உறுதியான சோதனை ஒன்று உண்டு: பேனல் பக்கம் ஒருமுறை, பேட்டரி பக்கம் ஒருமுறை கிளாம்ப் போடுங்கள். இரண்டிலும் ஒரே ஆம்ப் காட்டினால் அது எம்பிபிடி இல்லை, மேலே என்ன எழுதியிருந்தாலும் சரி.

பங்குனி முதல் வாரம் 30 ஆம்ப் எம்பிபிடி ஒன்று வந்தது. பேனல் பக்கம் 100 வோல்ட் வரை தாங்கும், விலை பழைய பெட்டியைப் போல ஏழு மடங்கு. மாற்றுகிற அவசரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். பேனலைக் கழற்றாமல் முதலில் பேட்டரி வயரைப் பிடுங்கிவிட்டேன். டப் என்று ஒரு சத்தம்கூட இல்லை, பழைய கன்ட்ரோலரின் திரை அப்படியே அணைந்தது, மறுபடி எரியவே இல்லை. பேட்டரி என்கிற சுமைதாங்கி இல்லாமல் 40 வோல்ட்டுக்கு மேல் அதன் தலையில் ஏறியிருக்கும். மாட்டும்போது பேட்டரி முதலில், பேனல் அடுத்து. கழற்றும்போது பேனல் முதலில், பேட்டரி கடைசி. புதுப் பெட்டிக்கு இந்த வரிசையைச் சாக்பீஸில் சுவரில் எழுதி வைத்துவிட்டுத்தான் கையை வைத்தேன். மாடியில் பேனல் மேல் பழைய கம்பளியைப் போர்த்திவிட்டு வேலை பார்த்தால் இன்னும் நிம்மதி. சூரியனுக்குச் சுவிட்ச் கிடையாதே.

சுவிட்ச் என்றதும் இன்னொன்று. பேனல் வயரைத் துண்டிக்க ஒரு எம்சிபி போடலாம் என்று கடைக்குப் போனால், "எம்சிபின்னா எம்சிபிதானுங்க, எதுல போட்டாலும் ட்ரிப் ஆகுமுங்க" என்று வீட்டு எம்சிபியை எடுத்து நீட்டினார். இல்லை. ஏசி கரண்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்பும், தொடுகிற நேரத்தில் பொறி தானாக அணைந்துவிடும். டிசியில் அந்த இடைவெளி கிடையாது. திறந்த முனைகளுக்கு நடுவே பொறி எரிந்துகொண்டே நிற்கலாம். ஒருநாள் நல்ல வெயிலில், ஓடிக்கொண்டிருக்கும்போதே பேனல் வயரை இணைக்கிற எம்சி4 கனெக்டரைப் பிடுங்கிப் பார்த்தேன். விரல் நீளம் இல்லை, அரிசி நீளம்தான், ஆனால் நீலமாக ஒரு கோடு சீறியது. கனெக்டரின் வாய் லேசாகக் கருகிவிட்டது. டிசி எம்சிபி என்றே கேட்டு வாங்குங்கள். பேட்டரி பக்கம் பிளஸ் முனைக்குக் கிட்டத்திலேயே ஒரு ஃபியூஸும் கட்டாயம். 150 ஆம்ப் ஹவர் பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே ஸ்பானர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்ப் பாயும். என் ஸ்பானரின் கைப்பிடி முழுக்க டேப் சுற்றியிருக்கிறேன், மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் பேட்டரிப் பக்கமே போவேன்.

எம்பிபிடி மாட்டிய அன்று மதியம் திரையில் 17.6 ஆம்ப். கிளாம்பும் அதையே சொன்னது. பேனல் பக்கம் 7.4. ஒரே பேனல், ஒரே வெயில், இரண்டு மடங்கு கரண்ட். கீழே ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். "ராத்திரிக்குப் பாப்போம்" என்றார்.

அம்மாவின் ஜாக்கிரதை நியாயமானதுதான், ஏனென்றால் அடுத்த வில்லங்கம் தயாராக இருந்தது. பத்தரை மணிக்கே கன்ட்ரோலர் 14.4 வோல்ட் காட்டி, பேட்டரி நிரம்பப்போகிறது என்று கரண்டைக் குறைக்க ஆரம்பித்தது. ஹைட்ரோமீட்டரோ 1.210 என்றது. யாரோ ஒருவர் பொய் சொல்கிறார். மல்டிமீட்டரைப் பேட்டரி முனையிலேயே வைத்தால் 13.7. கன்ட்ரோலர் முனையில் 14.4. நடுவே 0.7 வோல்ட் காணாமல் போகிறது. காரணம் இரண்டு. பழைய பெட்டிக்குப் போட்டிருந்த இரண்டு மீட்டர் நீள 2.5 ஸ்கொயர் வயரையே புதுப் பெட்டிக்கும் விட்டுவிட்டேன். 9 ஆம்பில் தெரியாத குறை 18 ஆம்பில் இரண்டு மடங்காகத் தெரியும். இன்னொன்று, பேட்டரியின் பிளஸ் முனையில் வயரைப் பிடித்திருக்கிற லக்கில் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை பிடித்த மாதிரி உப்பு. கையால் தொட்டால் அந்த இடம் மட்டும் வெதுவெதுவென்று இருந்தது.

வெந்நீரில் சமையல் சோடாவைக் கலந்து பழைய டூத் பிரஷால் தேய்த்தேன். நுரைத்துக்கொண்டு கிளம்பியது. மூடிகள் இறுக்கமாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், சோடாத் தண்ணீர் உள்ளே இறங்கினால் ஆசிட் கெட்டுவிடும். பழைய லக்கை வெட்டிவிட்டுப் புதிதாக 10 ஸ்கொயர் வயரில் கிரிம்ப் செய்த தாமிர லக் போட்டு, முறுக்கி, மேலே வாசலைன் தடவினேன். கன்ட்ரோலரைப் பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் இறக்கி மாட்டினேன். இப்போது இரண்டு முனைக்கும் வித்தியாசம் 0.1 வோல்ட்டுக்கும் கீழே. மாடியிலிருந்து வருகிற 15 மீட்டரில் 4 ஸ்கொயரே போதும். அங்கே 35 வோல்ட்டில் 7 ஆம்ப்தான் வருகிறது, ஒரு வோல்ட் போனாலும் நட்டம் நூற்றுக்கு மூன்றுதான். தடிமனான வயருக்குச் செலவழிக்க வேண்டிய இடம் பேட்டரிப் பக்கத்து ஒரு மீட்டர்.

டைமரிலும் ஒரு திருத்தம். மழை மூட்டமான நாளில் பேட்டரி மதியமே தீர்ந்துவிட்டால், தெருவில் ஈபி இருக்க, வீட்டில் மட்டும் கரண்ட் இல்லாத அசிங்கம் நடக்கும். கன்ட்ரோலரில் லோடு என்று ஒரு முனை இருக்கிறது, பேட்டரி இத்தனை வோல்ட்டுக்கு இறங்கினால் அணையும் என்று நாமே அளவு வைக்கலாம். அதில் 12 வோல்ட் காயில் உள்ள ஒரு 30 ஆம்ப் ரிலேயை (கரண்ட்டால் தானே இயங்குகிற சுவிட்ச்) கொடுத்து, டைமரோடு சேர்த்து வயரிங் செய்யச் சொன்னேன். 12.2க்கு இறங்கினால் ரிலே விடும், விட்டால் ஈபி வந்துவிடும். திரும்பச் சோலாருக்கு மாற 14 வோல்ட் என்று வைத்திருக்கிறேன். அந்த இடைவெளி குறைவாக இருந்தால் ரிலே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், ஒரு மத்தியானம் முழுக்கக் கேட்டுப் பார்த்துவிட்டேன். ரிலேயே செத்தாலும், கன்ட்ரோலரே செத்தாலும் வீடு ஈபிக்குத்தான் போகும்படி வயரிங்.

இவ்வளவும் செய்த பிறகும் நாலு மணிக் கணக்கில் பேட்டரி கொஞ்சம் குறைந்தே நின்றது. சராசரியாகப் பார்த்தால் வரவு 12 ஆம்ப், செலவு 16. இன்னொரு பேனல் வாங்கலாமா என்று விலை விசாரித்துக்கொண்டிருந்தபோது, செலவைக் குறைத்தால் என்ன என்று தோன்றியது. இரண்டு ஃபேனையும் கரண்ட் குறைவாகக் குடிக்கிற பிஎல்டிசி மோட்டார் ஃபேனாக மாற்றினேன். 75 வாட் 30 ஆனது. இரண்டுக்குமாகச் சேர்த்து 90 வாட் மிச்சம். உச்சி வெயிலில் என் பேனல் தருகிற 240 வாட்டோடு வைத்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு பேனலுக்குக் கொஞ்சம் மேலே என்று தெரியும். ஆனால் ஃபேன் காலை 9 மணியிலும் மேகத்திலும் அதே 90 வாட்டை மிச்சப்படுத்தும், பேனல் அப்படித் தராது. இந்த வேலைகளிலேயே உருப்படியான செலவு எது என்று கேட்டால் ஃபேனைத்தான் சொல்வேன். சித்திரையில் மதியம் ஒரு மணிக்கெல்லாம் ஹைட்ரோமீட்டர் 1.235 தொட்டது. ஒருநாள் ஐந்து மணிக்கு ஈபி போய் ராத்திரி பதினொன்றுக்கு வந்தது. இன்வெர்ட்டர் மூச்சு விடவில்லை. அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை, அதையே நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

வைகாசியில் புதிதாக ஒன்று. காலை டீயோடு கன்ட்ரோலரைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஒன்பது மணிக்கு டைமர் ஈபியை எடுத்ததும் 6, 7 ஆம்ப் இருக்க வேண்டிய இடத்தில் 2 ஆம்ப். ஒன்பதரை வரை அப்படியே நின்று, அப்புறம் சட்டென்று 9க்குத் தாவும். இரண்டு நாள் மேகம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மாடிக்கு ஏறினால், படிக்கட்டு அறையும் அதன் தலையில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்து பேனலின் குறுக்கே நிழலைப் போட்டுக்கொண்டிருந்தன.

பேனல் வைத்தபோது நிழல் பார்க்காமல் இல்லை. காலை எட்டு மணி முதல் நாலு வரை உட்கார்ந்து பார்த்தேன். ஆனால் பார்த்தது தை மாதம். தையில் சூரியன் தென்கிழக்கே ஏறும், தொட்டியின் நிழல் வடமேற்கே போகும், பேனல் பக்கமே வராது. நம் ஊரில் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் உச்சந்தலைக்கு வந்துவிட்டு அப்புறம் வடக்கே போய்விடும், ஆகஸ்ட் கடைசியில்தான் தெற்கே திரும்பும். அந்த நாலு மாதமும் காலைச் சூரியன் வடகிழக்கில். நிழல் தென்மேற்கே விழும், அங்கேதான் என் பேனல். உத்தராயணம் பிறந்துவிட்டது என்று பொங்கல் வைத்த கையோடு பேனல் மாட்டிய ஆசாமிக்கு, சூரியன் வடக்கே வரும் என்பது மறந்துபோனது.

இதில் ஒரு வேடிக்கை. பழைய பிடபிள்யூஎம் இருந்திருந்தால் நிழல் பேனலின் மூன்றில் ஒரு பங்கை மறைத்தாலும் எனக்குத் தெரிந்தே இருக்காது. பேனலுக்குள் 24 செல் வீதம் மூன்று கூட்டம் இருக்கிறது. நிழல் விழுந்த கூட்டத்தை அதன் பைபாஸ் டயோடு ஒதுக்கிவிடும். மீதி இரண்டு கூட்டமும் சேர்ந்து 22, 23 வோல்ட் தரும், 14 வோல்ட் மட்டுமே கேட்கிற பெட்டிக்கு அது தாராளம், கரண்டும் குறையாது. எப்படியும் வீணாகிற வோல்ட்டில் நிழலும் சேர்ந்து போயிருக்கும். எம்பிபிடி கடைசிச் சில்லறை வரை எண்ணுகிறது, அதனால் நட்டமும் கண்ணுக்குத் தெரிகிறது.

தொட்டியை நகர்த்த முடியாது, பேனலைத்தான் நகர்த்த வேண்டும். பெயின்ட் வாளி கைகொடுத்தது இங்கேதான். தளத்தில் ஆங்கர் அடித்திருந்தால் துளைகளை அடைத்துப் புதுத் துளை போட வேண்டியிருக்கும். பேனலைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு, நானும் தம்பியும் பக்கத்துத் தோட்டத்து மாமாவும் சேர்ந்து ஸ்டாண்டோடு வாளிகளைக் கடப்பாரையால் நெம்பி, ஈரச் சாக்கின் மேல் இழுத்து, தெற்கே ஆறடி தள்ளினோம். மாமா வேலை முடிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வெயிலு எல்லாப் பக்கமுந்தான மாப்ள அடிக்குது" என்றார். இப்போது நிழல் எட்டு மணிக்குள் விலகிவிடுகிறது.

ஆடி வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்பதை ஊரைச் சுற்றி நிற்கிற காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். ஒரு ராத்திரி மாடியில் தகரம் அடிக்கிற மாதிரி கடகடவென்று சத்தம். டார்ச்சோடு போய்ப் பார்த்தால் வாளி அசையவே இல்லை, பேனலைப் பிடிக்கிற நாலு கிளாம்பில் இரண்டின் நட் தளர்ந்திருந்தது. ஸ்பிரிங் வாஷர் போடாமல் முறுக்கியது என் வேலைதான். மறுநாள் எல்லா இடத்திலும் ஸ்பிரிங் வாஷர் வைத்து இறுக்கி, நட்டின் மேல் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வைத்தேன். கோடு விலகியிருந்தால் நட் நகர்ந்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

கழுவுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, விடிந்ததும் பேனல் சூடேறுவதற்கு முன்னால், துணியால். போர்த் தண்ணீரை ஊற்றிக் காயவிட்டால் உப்பு வெள்ளையாகப் படிந்துவிடுகிறது, அதனால் துடைத்தே ஆக வேண்டும். காக்கா எச்சத்தை ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும், நகத்தால் சுரண்டக் கூடாது.

ஆவணிப் பில் 462 யூனிட். போன வருடம் இதே பில் 517. அதில் ஃபேன் மாற்றியதன் பங்கு எவ்வளவு, வெயிலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கன்ட்ரோலர் கணக்குப்படி பேனல் இப்போது நாளுக்கு முக்கால் யூனிட்தான் தருகிறது, ஏனென்றால் மதியம் ஒரு மணிக்கே பேட்டரி நிரம்பிப் பேனல் சும்மா நிற்கிறது. நல்ல நாளில் ஒரு யூனிட்டுக்கு மேலேயே அதனால் தர முடியும். அந்த மத்தியான வெயிலுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். சமையலறை ஃபேனையும் டிவியையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றச் சொல்லி எலக்ட்ரீஷியன் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னான். "சீரியல் நடுவுல நிக்காதுல்ல?" என்று அம்மா கேட்டிருக்கிறார்.